டயானாவின் ஐந்து கால் நாய்

இப்போது அன்செல்ம் இதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார். கையில் கோப்பை இருந்தால் இரண்டு தடவை சொல்கிறார். ஆனால் அந்த அக்டோபர் வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, வெர்ஞோல் ஊர் மன்றத்தின் வாசலில், மாட்டுச் சந்தைக்குப் போட்டுக்கொண்டு போகும் கோட்டோடு அவர் நின்றபோது, முகம் நாள் தள்ளிப்போன சினைப் பசுவின் முகம் மாதிரி இருந்தது. உவமை என்னுடையதல்ல. அறுபது பசு வளர்க்கிற எங்கள் மேயர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டது.

வந்த வம்பை யாரும் அவர்மேல் ஏவிவிடவில்லை. அவரே விண்ணப்பம் எழுதி, கையெழுத்துப் போட்டு, தபால் தலை ஒட்டி வரவழைத்தார்.

எங்கள் மன்றத்தின் கல்யாணக் கூடத்தில் ஒரு சுவரை முழுக்க மறைத்துக்கொண்டு பழைய சித்திரத் திரை ஒன்று தொங்குகிறது. கம்பளியும் பட்டும் கலந்து நெய்தது. வேட்டைத் தெய்வம் டயானா தோழிகளோடு காட்டுச் சுனையில் குளித்துக்கொண்டிருக்கிறாள். வழி தவறி அங்கே வந்துவிட்ட ஆக்டியோன் என்ற வேட்டைக்காரன் அதைப் பார்த்துவிடுகிறான். அவள் கோபத்தில் தண்ணீரை அள்ளி அவன் முகத்தில் அடிக்கிறாள். அவன் மானாக மாறிப்போகிறான். அவன் சோறு போட்டு வளர்த்த நாய்களே அவன்மேல் பாய்ந்து குதறுகின்றன. இந்தக் காட்சிக்குக் கீழே நாற்காலி போட்டுத்தான் எங்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாகக் கல்யாணம் நடக்கிறது. மாப்பிள்ளை எவனும் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுந்து ஓடியதில்லை. அது எங்கள் ஊர் ஆண்களின் தைரியமா, கவனக்குறைவா என்று இன்னும் முடிவாகவில்லை.

திரையில் மொத்தம் பத்து நாய்கள். ஒன்பது கடிக்கின்றன. பத்தாவது, வலது பக்கக் கீழ்மூலையில் நிற்பது, எஜமானனை விட்டுவிட்டு நம்மையே பார்க்கிறது. "இதுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை" என்பது போல ஒரு பார்வை. அதற்கு ஐந்து கால். நான்கு தரையில், ஒன்று மடக்கித் தூக்கியபடி. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எண்ணக் கற்றுக்கொள்வதே அந்த நாயின் காலில்தான். அதனால்தானோ என்னவோ எங்கள் ஊரில் யாருக்கும் கணக்கு வராது. கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் அந்த ஐந்தாவது காலைத் தொட வேண்டும். தொடாமல் பேனாவை எடுத்தால் மாமியார்கள் கனைப்பார்கள்.

முப்பத்து நான்கு வருடத்துக்கு முன்னால் அன்செல்மும் தொட்டார். தொட்டார் என்பதைவிட, மணப்பெண் ஒதெத் அவருடைய கையைப் பிடித்து இழுத்துப்போய் அங்கே வைத்தாள். காதில் மெதுவாகச் சொன்னாள்: "பாரு, இத்தனை நாய்ல கடிக்காதது இது ஒண்ணுதான். நீ இதுமாதிரி இரு, போதும். கால் ஒண்ணு கூடக் குறைய இருந்தா நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்." ஒதெத் இறந்துபோய் ஐந்து வருடமாகிறது. மன்றத்தில் யாரும் இல்லாத நேரத்தில் அன்செல்ம் அந்த மூலைக்குப் போய் நாற்காலியைப் போட்டு உட்கார்வதை எங்கள் ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பார்க்காத மாதிரி நடப்பதில் மட்டும் நாங்கள் கெட்டிக்காரர்கள்.

சரி, வம்புக்கு வருவோம்.

பக்கத்து ஊரான பூசாக்குக்கு நெடுஞ்சாலையில் பழுப்புப் பலகை ஒன்று உண்டு. சுற்றுலாக்காரர்களைக் கூப்பிடும் பலகை. அதில் ஓர் அருவி வரைந்திருக்கும். அந்த அருவி மே மாதத்தோடு வற்றிவிடும், பலகை வற்றாது. பூசாக் மேயர் பெசாக், மாட்டுச் சந்தையில் அன்செல்மைப் பார்க்கும்போதெல்லாம், "உங்க ஊர் எங்க இருக்குன்னு கேட்டாங்கப்பா, நம்ம பலகையைத் தாண்டினா வரும்னு சொன்னேன்" என்பார். மூன்று வருடம் பொறுத்த அன்செல்ம் நான்காவது வருடம் தானும் ஒரு பலகைக்கு விண்ணப்பித்தார்.

விண்ணப்பத்தில் "வரலாற்று முக்கியத்துவம்" என்று எட்டு வரி இடம் விட்டிருந்தார்கள். அன்செல்ம் பின்பக்கமும் எழுதினார். நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு வாத்தியார் அச்சிட்ட ஊர்ப் பெருமைப் புத்தகத்தில் இருந்ததை அப்படியே இறக்கினார்: வேட்டைக்கு வந்த ராஜாவின் வண்டி எங்கள் ஊர் எல்லையில் அச்சு முறிந்து நின்றது, ஊர்க்காரர்கள் அச்சு கொடுத்து உதவினார்கள், மனம் குளிர்ந்த ராஜா பாரிஸில் தன் சொந்தப் பட்டறையில் நெய்த திரையை ஊருக்குப் பரிசாக அனுப்பினார். கூடவே ஒரு புகைப்படம். ராஜா கொடுத்த திரையில் ஐந்து கால் நாய் நின்றால் கௌரவமாக இருக்காது என்று, குடியரசின் அடையாளமாக எல்லா மன்றத்திலும் இருக்கும் மரியான் அம்மாளின் மார்பளவுச் சிலையை மேசையோடு நகர்த்தி அந்த மூலையை மறைத்துவிட்டுப் படம் எடுத்தார்.

பலகை வரவில்லை. பாரிஸிலிருந்து கடிதம் வந்தது. அதை மன்றச் செயலாளர் கிஸ்லேன் பிரித்துப் படித்தாள். கிஸ்லேனும் அன்செல்மும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். தனியாக இருக்கும்போது "நீ", ஆள் இருந்தால் "மேயர் சார்".

"அன்செல்ம், உட்காரு."

"நின்னுக்கிட்டே கேக்கறேன், படி."

"ராஜா பட்டறையில நெய்தது எல்லாம் ராஜா சொத்தாம். ராஜா சொத்து எல்லாம் இப்ப அரசாங்கச் சொத்தாம். அதை யாருக்கும் பரிசா குடுத்திருக்க முடியாதாம், இரவல்தான் குடுத்திருப்பாங்களாம். ஆள் வந்து பாத்து, அவங்களோடதுன்னு உறுதியாச்சுன்னா எடுத்துட்டுப் போவாங்களாம். இவ்வளவு விவரமா எழுதினதுக்கு உனக்கு நன்றி வேற சொல்லியிருக்காங்க."

அன்செல்ம் உட்கார்ந்தார்.

"இருநூத்தம்பது வருஷமா எவனும் கண்டுக்காத திரை," என்றாள் கிஸ்லேன். "அச்சு முறிஞ்ச கதையை நீ பின்பக்கமும் எழுதணுமா? எழுதத்தான் எழுதினே, ராஜா அச்சைத் திருப்பிக் குடுத்தாரா இல்லையான்னாவது எழுதியிருக்கலாம்."

அந்தக் கடிதத்துக்குப் பின்னால், திரையைப் பரிசோதிக்க வந்த அதிகாரிதான் மதாம் கியார். வியாழக்கிழமை சரியாக ஒன்பது மணிக்கு வந்தார். ஐம்பது வயது, குட்டை முடி, கையில் பெட்டி, பெட்டிக்குள் பூதக்கண்ணாடி, விளக்கு, ஊசிகள், வெள்ளைக் கையுறை. அன்செல்ம் கொடுத்த காபியை வேண்டாம் என்றார். கிஸ்லேன் வீட்டில் சுட்டுக்கொண்டுவந்த உருளைக்கிழங்கு அப்பத்தை, "வேலை முடிஞ்சதும் பாக்கலாம்" என்றார். கிஸ்லேன் பின்னால் திரும்பி, "சாப்பாட்டைக் கூடப் பரிசோதிச்சுட்டுத்தான் தொடும் போலருக்கு" என்று முணுமுணுத்தாள்.

மரியான் சிலை இன்னும் நாய்க்கு முன்னால்தான் நின்றது. முதலில் அன்செல்ம் அதை நகர்த்த மறந்துபோயிருந்தார். இப்போது நகர்த்தப் பயந்தார். ஏனென்றால் முந்தின நாள்தான் அவருக்கு அது உறைத்தது: தலைமுறை தலைமுறையாக மாப்பிள்ளைகளும் பெண்களும் தொட்டுத் தொட்டு, அந்தக் கால் இருக்கும் இடம் எண்ணெய்ச் சட்டியின் பிடி மாதிரி கறுத்துப் பளபளத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தால் அந்த அம்மாள் என்ன சொல்வார்? திரையை வைத்துக் காப்பாற்றத் தெரியாத ஊர் என்று எழுதிவிட்டுக் கையோடு சுருட்டிக்கொண்டு போய்விடுவார்.

மதாம் கியார் ஏணியில் ஏறி டயானாவை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். தோழிகளைப் பார்த்தார். மானின் கொம்பைப் பார்த்தார். ஒரு மணி நேரம் ஆனது. அன்செல்ம் அந்த ஒரு மணி நேரமும் தொப்பியைப் பிசைந்துகொண்டு ஏணியைப் பிடித்தபடி நின்றார். மேலே இருப்பவரைத் தள்ளிவிடலாமா என்று ஒரு தடவை தோன்றியதாக இப்போது ஒப்புக்கொள்கிறார்.

"ஓரம் எல்லாம் வெட்டியிருக்கு. நெசவுக்காரங்க குறி அங்கதான் இருந்திருக்கும். யார் வெட்டினது?"

"ரொம்ப முந்தி இருந்த மேயர் ஒருத்தர், மேடம். ஜன்னல் திறக்க முடியலைன்னு."

"ஜன்னலை நகர்த்தியிருக்கலாம்" என்றார் மதாம் கியார், கொஞ்சமும் சிரிக்காமல். ஏணியிலிருந்து இறங்கினார். "உருவங்கள் பாரிஸ் ராஜா பட்டறை ஓவியத்தோட அப்படியே ஒத்துப்போகுது. நீங்க எழுதினது சரிதான் போல. வாழ்த்துக்கள், மேயர்."

வாழ்நாளில் முதல் தடவையாக யாரோ அன்செல்ம் எழுதியதைச் சரி என்றார்கள். சரியென்றால் திரை போய்விடும்.

"மேடம், ராஜா எங்க ஊர்ப் பக்கமே வந்ததில்ல."

"அச்சு முறிஞ்சதுன்னு எழுதியிருக்கீங்களே."

"அது... அச்சு முறிஞ்சது என் டிராக்டர்ல. போன வருஷம். கொஞ்சம் கலந்துபோச்சு. நான் எழுதினது அத்தனையும் பொய், மேடம்."

"எல்லா ஊர்லயும் இதான் நடக்குது," என்றார் மதாம் கியார், பெட்டியிலிருந்து படிவத்தை எடுத்துக்கொண்டே. "விண்ணப்பம் போடும்போது ராஜா வந்திருப்பார். நான் வந்தா ராஜா வந்திருக்க மாட்டார். அந்தச் சிலையைக் கொஞ்சம் நகர்த்துங்க, மூலையைப் பாத்துட்டு முடிச்சிடலாம்."

"அது நகராது, மேடம்."

"ஏன்?"

"குடியரசு" என்றார் அன்செல்ம். ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. "குடியரசை நகர்த்தக் கூடாது."

கிஸ்லேன் எழுந்து வந்தாள். "மேயர் சார் கொஞ்சம் உணர்ச்சிவசப்படுவார்," என்று சொல்லிவிட்டு, குடியரசை இரண்டு கையாலும் கட்டித் தூக்கி ஜன்னல் திட்டில் வைத்தாள். மேசையை முழங்காலால் தள்ளினாள். "இப்ப பாருங்க."

மதாம் கியார் குனிந்து விளக்கை அடித்தார். அன்செல்ம் கண்ணை மூடிக்கொண்டார்.

வாய்க்குள்ளேயே எண்ணுகிற முணுமுணுப்பு கேட்டது. நின்றது. மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அதற்கப்புறம் கேட்ட சத்தத்தை அழுகை என்றுதான் அன்செல்ம் நினைத்தார். கண்ணைத் திறந்தார். மதாம் கியார் தரையில் உட்கார்ந்து, வெள்ளைக் கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சு," என்றார். "அஞ்சு கால்! இதையா மறைச்சு வச்சிருந்தீங்க? மனுஷன்யா நீங்க!"

"மன்னிச்சிடுங்க மேடம். பொறக்கும்போதே அப்படித்தான் அது."

"எழுந்திரிங்க... இல்ல, நான்தான் எழுந்திரிக்கணும். கை குடுங்க. மேயர், இந்த நாய் ராஜா பட்டறை ஓவியத்துலயே கிடையாது. அங்க நாய் ஒன்பதுதான். பாரிஸ்ல ஒவ்வொரு தறிக்கும் பின்னால ஓவியர் ஒருத்தர் பிரம்பு வச்சிருக்கற வாத்தியார் மாதிரி நிப்பார். வரைபடத்துல இல்லாத ஈ கூட உள்ள வராது. அஞ்சு கால் நாய் வந்திருந்தா அத்தனை நூலையும் பிரிச்சு மறுபடி நெய்ய வச்சிருப்பாங்க. இது அங்க நெய்தது இல்ல."

"அப்ப எங்க?"

"எங்கயா? உங்க ஒபுஸ்ஸோன்லதான். இங்கேருந்து எவ்வளவு தூரம்?"

"முப்பது கிலோமீட்டர்," என்றாள் கிஸ்லேன். "நான் பல்லு பிடுங்கப் போற ஊரு."

மதாம் கியாருக்கு அதன் பிறகு வாய் ஓயவில்லை. ஒபுஸ்ஸோன் நெசவுக்காரர்களிடம் பாரிஸ் ஓவியம் ஏது? அதைப் பார்த்து அச்சடித்த சின்னப் படம் ஒன்று இருக்கும்; உருவங்களை அதிலிருந்து பெரிதாக்கிக்கொள்வார்கள். வாங்குகிறவர் வீட்டுச் சுவர் படத்தைவிட அகலமாக இருந்துவிட்டால், மிச்ச இடத்தை மரமோ கோட்டையோ நாயோ போட்டுத் தாங்களே நிரப்ப வேண்டியதுதான். அங்கே தறி மேசை மாதிரி படுத்திருக்கும். படம் பக்கவாட்டில் சாய்ந்து, முகம் கீழே பார்த்துக் கிடக்கும். நெய்கிறவர் பார்ப்பது முதுகை மட்டும். அதிலும் எங்கு பார்த்தாலும் நூல் முனைகள் தாடி மாதிரித் தொங்கும். நெய்தது உடனே உருளையில் சுருண்டுகொள்ளும். கடைசி நாள் தறியிலிருந்து அறுத்துத் திருப்பிப் போடும்போதுதான் தாங்கள் என்ன செய்தோம் என்று அவர்களுக்கே தெரியும்.

"ரெண்டு பேர் பக்கத்துப் பக்கத்துல உக்காந்து நெய்திருக்காங்க," என்றார். "நாயோட மேல்பாதி ஒருத்தர், கீழ்பாதி ஒருத்தர். நாய்க்கு வரைபடம் கிடையாது. கீழே இருந்தவர், நாய்னா நாலு கால்னு நாலையும் தரையில போட்டுட்டார். மேலே இருந்தவர், வேட்டை நாய்னா ஒரு கால் தூக்கணும்னு தூக்கிட்டார்."

"ஒருத்தரை ஒருத்தர் கேட்டிருக்கலாமே?" என்றார் அன்செல்ம்.

"அன்னைக்குப் பேச்சுவார்த்தை இல்ல போல."

அன்செல்முக்கு பெசாக்கின் முகம் ஞாபகம் வந்தது. புரிகிறது என்று தலையாட்டினார். "இருக்கும், இருக்கும்."

"உறுதி பண்ணிடலாம்" என்று மதாம் கியார் ஊசியை எடுத்தார். திரையின் முதுகில் தைத்திருந்த பழைய துணியை அந்த மூலையில் மட்டும் ஒரு சாண் பிரித்தார். விளக்கைத் திருப்பினார். "வாங்க."

அன்செல்ம் தலையைச் சாய்த்து உள்ளே பார்த்தார்.

முன்பக்கத்தில் காலம் தின்றதெல்லாம் பின்பக்கத்தில் அப்படியே இருந்தது. அவருக்குத் தெரிந்த நாய் சாம்பல் நிறம். எல்லாமே சாம்பலும் வைக்கோலும்தான். இங்கே புல் பச்சையாக இருந்தது, நேற்று மழை பெய்த மாதிரி. நாய் செம்பழுப்பு, அசலாக அவருடைய பசுக்களின் நிறம். இடவலம் மாறி, அறுந்த நூல்களுக்கு நடுவிலிருந்து அந்த ஒற்றைக் கண் அவரைப் பார்த்தது. வயிற்றுக்குக் கீழே அளவுகோல் வைத்த மாதிரி ஒரு கோடு. அதற்கு மேல் ஒரு செம்பழுப்பு, கீழே அதைவிட ஒரு பிடி அடர்ந்தது. தூக்கிய கால் மேலே இருந்தவரின் சாயம். தரையிலிருந்த நான்கும் கீழே இருந்தவரின் சாயம்.

"ரெண்டு பேர், ரெண்டு சாயம்" என்றார் மதாம் கியார். "போதும் எனக்கு."

ஒதெத் இந்த நிறத்தைப் பார்க்கவில்லையே என்று அன்செல்ம் நினைத்துக்கொண்டிருந்தார். பார்த்திருந்தால், "அட, இது நம்ம தொழுவத்து ஆளு" என்றிருப்பாள். கொஞ்ச நேரம் தலையை உள்ளேயே வைத்திருந்தார். தூசி என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருநூற்றைம்பது வருடத் தூசி அல்லவா, கிஸ்லேனும் எதிர்த்துப் பேசவில்லை.

மதாம் கியார் படிவத்தை மேசையில் விரித்து எழுதினார். எழுதியதைச் சத்தமாகப் படித்தார். "பிறப்பிடம்: ஒபுஸ்ஸோன், தனியார் தறி. அநேகமாக இந்தப் பக்கத்துப் பிரபு யாரோ தன் மாளிகைச் சுவருக்குச் செய்யச் சொன்னது. புரட்சிக் காலத்தில் மன்றத்துக்கு வந்திருக்கலாம். அரசாங்க உரிமை: இல்லை. உரிமையாளர்: வெர்ஞோல் ஊர்."

அன்செல்ம் பக்கத்திலிருந்த மாப்பிள்ளை நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். ஐந்து வாரமாக நெஞ்சுக்குள் முடிச்சுப் போட்டிருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்து, வயிறு வழியாக இறங்கி, பூட்ஸ் வழியாக வெளியே போனது. உடனே பசித்தது.

"ராஜாவும் இல்ல, அச்சும் இல்ல," என்றாள் கிஸ்லேன், அப்பத்தை வெட்டிக்கொண்டே. "ரெண்டு பேர் சண்டை போட்டதாலதான் நம்ம திரை நமக்கு. மேயர் சார், அடுத்த விண்ணப்பத்துல இதை எழுதுங்க. முன்பக்கம் போதும்."

மதாம் கியார் இரண்டு துண்டு சாப்பிட்டார். மூன்றாவதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார். அப்புறம் நாயிடம் திரும்பி, கறுத்த இடத்தைக் காட்டி, அன்செல்ம் எதிர்பார்த்துக்கொண்டிருந்த கேள்வியைக் கேட்டார்.

"இது என்ன?"

அன்செல்ம் எல்லாவற்றையும் சொன்னார். இப்போது பொய் சொல்ல அவருக்குத் தெம்பில்லை. தொடுவது, கையெழுத்து, கனைக்கும் மாமியார்கள், எல்லாம்.

"இனிமே யாரும் தொடக் கூடாது. கை எண்ணெய் கம்பளியைத் தின்னுடும்."

"சனிக்கிழமை ஒரு கல்யாணம் இருக்கு, மேடம்."

மதாம் கியார் பெட்டியை மூடினார். "சனிக்கிழமை நான் பாரிஸ்ல இருப்பேன். கண்ணால பாக்காததை நான் அறிக்கையில எழுதறதில்ல." கொஞ்சம் யோசித்தார். "பலிக்குதா இது?"

"எனக்கு இருபத்தொன்பது வருஷம் பலிச்சுது. அவ போற வரைக்கும்."

மதாம் கியார் வலது கைக் கையுறையைக் கழற்றினார். குனிந்து, ஐந்தாவது காலின் மேல் இரண்டு விரலை வைத்தார். ஒரு மூச்சு நேரம் அப்படியே இருந்தார்.

"நூலோட தரம் பாக்கறேன்" என்றார்.

"பாருங்க, பாருங்க" என்றாள் கிஸ்லேன், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

வசந்த காலத்தில் பழுப்புப் பலகை வந்தது. எங்கள் நாயை அதில் வெள்ளையில் வரைந்திருந்தார்கள். அழகான நாய், கம்பீரமான நாய், நான்கே நான்கு கால். படம் வரைந்த ஆள், ஊர்க்காரர்கள் தவறாக அனுப்பிவிட்டார்கள் என்று பெருந்தன்மையாகத் திருத்தியிருந்தார். பெசாக் அன்றைக்கே தொலைபேசியில் கூப்பிட்டு, "நாய் நல்லாருக்கு, என்ன விசேஷம் அதுல?" என்று கேட்டார்.

மறுநாள் காலை மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, அன்செல்ம் ஒரு ஏணியும் வெள்ளைப் பெயிண்ட் டப்பாவும் எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போனார். ஏணியை கிஸ்லேன் பிடித்துக்கொண்டாள். அரசாங்கப் பலகையில் கை வைப்பது குற்றம் என்று அவளுக்குத் தெரியும். அதற்கான சுற்றறிக்கையைக் கோப்பில் வைத்ததே அவள்தான்.

"இன்னும் கொஞ்சம் மேல மடக்கு," என்றாள். "அது கால் மாதிரியே இல்ல, சுரைக்காய் மாதிரி இருக்கு."

"பரவாயில்ல," என்றார் அன்செல்ம், நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு. "எண்ணிக்கை சரியா இருந்தா போதும்."